மூன்று சோடிச் சப்பாத்து

ஹனோவர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு மாடி வாகனத் தரிப்பிடம் இருந்தது. அதன் கீழ்த்தளத்துப் பொதுக் கழிப்பறையைத் துப்புரவு செய்வதுதான் டொறத்தியின் வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மதியம் இரண்டுக்கு முடியும். மன்னாரிலிருந்து வந்து ஐந்து வருடமாகியும் அவளுக்கு வாயில் தடக்காமல் வந்த ஜெர்மன் வாக்கியம் ஒன்றுதான்: "ஹலோ, உள்ளே எல்லாம் சரிதானே?" பூட்டிய கதவைத் தட்டிவிட்டு அதைச் சொல்வாள். உள்ளேயிருந்து யாராவது எரிச்சலோடு திட்டினால் அவளுக்கு நிம்மதி. திட்டு வராவிட்டால்தான் பயம்.

பதின்மூன்று மாதத்துக்குள் மூன்று முறை திட்டு வரவில்லை.

மூன்றாவது முறை, 1996 நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கதவின் அடியில் இருந்த இடைவெளியால் மண்ணிறச் சப்பாத்து இரண்டு தெரிந்தன. ஒன்றின் நாடா அறுந்து முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அவள் தட்டினாள், கூப்பிட்டாள், பிறகு வெளியிலிருந்து திறக்கிற சதுரச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். பையன் சுவரில் சாய்ந்தபடி இருந்தான். ஊசி இன்னும் கையில் இருந்தது. கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெளியே வந்து நின்றாள்.

பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் அடையாள அட்டை கேட்டதும் டொறத்தி பயந்து பயந்துதான் எடுத்துக் கொடுத்தாள். அவளிடம் இருந்தது 'டுல்டுங்' கடதாசி. திருப்பி அனுப்புவதை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று சொல்கிற, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய கடதாசி. பொலிஸ்காரர் அதைப் பார்த்தார், இலக்கத்தை எழுதினார், திருப்பித் தந்தார். இறந்தவனின் பெயரை அவள் கேட்கவில்லை. கேட்கலாமா என்றும் தெரியவில்லை.

அன்று வீட்டில் கணவன் லோறன்ஸ் சொன்னான், "நீர் உந்த வேலையை விட்டிடும் டொறத்தி. இப்பிடியே போனா உமக்கு விசர் பிடிச்சிடும்."

"விட்டா? வேலைப் பெர்மிட் அந்தக் கொம்பனிக்கு மட்டும்தானே தந்தவங்கள். பிறகு வீட்டிலதான் இருக்கோணும்."

அவனுக்கும் அது தெரியும். அவன் ஒரு பீட்சாக் கடையில் மாப் பிசைந்துகொண்டிருந்தான். ஒருவரின் உழைப்பில் வாடகை கட்டேலாது.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போனபோது டொறத்தி சுவாமியிடம் மூன்று ஆன்மாக்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்டாள். அவர் கொப்பியைத் திறந்து, "பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

"தெரியாது சுவாமி."

"மூண்டு பேரினதுமோ?"

"ஓம். இளம் பிள்ளையள். சப்பாத்துத்தான் தெரியும்."

சுவாமி 'மூன்று இளம் பிள்ளைகள்' என்று எழுதிக்கொண்டார்.

மறு வருடம் ஜனவரியில் தரிப்பிடத்தை நடத்தியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கழிப்பறையின் வெள்ளைக் குழல்விளக்குகளைக் கழற்றிவிட்டு நீல விளக்கு மாட்டினார்கள். நீல வெளிச்சத்தில் கை நரம்பு தெரியாது, ஊசி ஏற்ற ஏலாது, ஆகவே போதைத்தூள் அடிக்கிறவர்கள் வரமாட்டார்கள் என்பது கணக்கு. அவர்கள் வந்தார்கள். நரம்பு தெரியாததால் கண்ட கண்ட இடத்தில் குத்திக்கொண்டார்கள். சுவரில் இரத்தம் கூடியது. டொறத்திக்கோ வேறு கஷ்டம். அந்த வெளிச்சத்தில் எல்லோருடைய உதடும் நீலம். கண்ணாடியில் பார்த்தால் அவளுடைய முகமே பிணத்தின் முகமாக இருந்தது. கதவைத் திறந்து பார்க்கும்போது உள்ளே இருப்பவருக்கு மூச்சு நின்றுவிட்டதா, சும்மா கண் அயர்ந்திருக்கிறாரா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. தேநீர் குடிக்கவும் அவள் மேலே போவதை விட்டாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இரவில் நித்திரையும் குறைந்துபோனது.

மார்ச்சில் ஒரு பெண்பிள்ளை. இருபது, இருபத்தொரு வயதிருக்கும். தட்டினாள், சத்தமில்லை. திறந்தாள். பிள்ளை தரையில் சுருண்டு கிடந்தது. உயிரோடா, இல்லையா? நீல வெளிச்சம் எதையும் சொல்லவில்லை. டொறத்தி அவளுடைய இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து இழுத்தாள். ஈரத் தரையில் வழுக்கி ஒருமுறை இருவருமாக விழுந்தார்கள். கழிப்பறைக் கதவைத் தாண்டி, கார்களுக்குப் பக்கத்தில், வெள்ளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து போட்டபிறகுதான் உதட்டின் உண்மையான நிறம் தெரிந்தது. சாம்பல். ஆனால் கழுத்தில் ஏதோ மெல்லத் துடித்தது.

"அம்புலன்ஸ்!" என்று கத்தினாள். மேலே தரிப்பிடச் சீட்டுக் கூண்டில் இருந்த பேரென்ஸ் என்கிற கிழவர் தொலைபேசியை எடுத்தார். முன்பு வந்த அம்புலன்ஸ்காரர்கள் செய்ததைப் பார்த்தது டொறத்திக்கு ஞாபகம் இருந்தது. தலையைச் சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சை அமுக்கினாள். சரியாகச் செய்கிறாளா என்று தெரியாது. மாதாவைக் கூப்பிட்டபடியே அமுக்கினாள். ஏழு நிமிடத்தில் அம்புலன்ஸ் வந்தது. அவர்கள் ஊசி மருந்து ஏற்றி, பையால் காற்றடிக்க, பிள்ளை ஒரு பெரிய மூச்சை இழுத்தாள். இழுத்ததும் அழுதாள். அழுததும் எல்லோரையும் தூஷணத்தால் திட்டத் தொடங்கினாள்.

டொறத்தி ஒரு காரின் சில்லில் சாய்ந்து இருந்துகொண்டு அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு நல்ல ஜெர்மன் அவள் அதுவரை கேட்டதில்லை.

அதைக் கேள்விப்பட்டுத்தான் ஃப்ராவ் பீட்டர்ஸன் என்ற பெண்மணி அவளைத் தேடி வந்தார். நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டிய, பெரிய கைப்பையோடு திரிகிற சமூகப் பணியாளர் அவர். ரயில் நிலையத்தடியில் ஒரு பஸ்ஸை நிறுத்தி, பாவித்த ஊசிக்குப் புது ஊசி கொடுக்கும் அமைப்பில் இருந்தார். நகரத்தில் ஒரு அறை திறக்க முயல்கிறோம் என்றார். போதைக்கு அடிமையானவர்கள் தாங்கள் கொண்டுவரும் தூளை அங்கே, சுத்தமான ஊசியால், ஒரு தாதியின் கண்முன்னால் ஏற்றிக்கொள்ளலாம். மூச்சு நின்றால் தாதி பார்த்துக்கொள்வார். ஃபிராங்ஃபர்ட்டிலும் ஹாம்பர்க்கிலும் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள்.

"சட்டம் விடுமோ?" டொறத்தி தெரிந்த சொற்களைப் பொறுக்கிக் கேட்டாள்.

"சட்டத்தில் இதற்கென்று ஒரு வரியும் இல்லை. அதுதான் பிரச்சினை," என்றார் பீட்டர்ஸன். "நிபந்தனைகளை மீறாவிட்டால் வழக்குப் போடமாட்டோம் என்று அரச வழக்கறிஞர் எழுதித் தந்துவிட்டார். பொலிசும் சரி என்கிறது. இனி நகரசபை அனுமதி தரவேண்டும். அதற்கு முதல் அயலவர்களுக்கு ஒரு கூட்டம். டாக்டர் பேசுவார், நான் பேசுவேன். எங்களை எல்லோருக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நீங்கள் வந்து கண்டதைச் சொல்வீர்களா?"

டொறத்தி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

அந்த வாரமே இன்னொருவரும் அவளிடம் ஒன்று கேட்டார். ஞானசுந்தரம் அண்ணை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தமிழ்க் கடை அவருடையது. அரிசியும் உறைந்த மீனும் வாங்க எல்லோரும் அங்கேதான் போவார்கள். சனிக்கிழமை டொறத்தி கடைக்குப் போனபோது ஒரு தாளை மேசையில் விரித்தார்.

"பிள்ளை, இதில ஒரு சைன் வைச்சுவிடும்."

"என்னண்ணை இது?"

"தூளடிக்கிறவங்களுக்கு எங்கட ரோட்டில மடம் கட்டப்போறாங்களாம். கடைக்காரர் எல்லாரும் எதிர்த்து எழுதுறம். போன கிழமை என்ர ஆதிரை பின்வளவில கிடந்த ஊசியைக் கையில எடுத்துக்கொண்டு வந்து காட்டுறாள், பேனையாம் அப்பா எண்டு. ஏழு வயசுப் பிள்ளை. எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு."

பேனையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணை, அவைக்கு உள்ளுக்கை இருந்து அடிக்க ஒரு இடம் இருந்தா உங்கட வளவுக்கு ஏன் வருகினம்?"

"உதெல்லாம் பேச்சுக்கு நல்லாயிருக்கும். இடம் குடுத்தா இன்னும் நூறு பேர் வருவாங்கள்."

"இருக்கலாம் அண்ணை. ஆனா என்னால உதில சைன் வைக்கேலாது."

"ஏன்?"

"நான் கண்டனான்," என்றாள். வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்கு வரவில்லை. அரிசியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பீட்டர்ஸனிடம் வருவதாக அவள் சொன்னபோது, கூட்டத்துக்குப் போகவேண்டாம் என்று லோறன்ஸ்தான் மறித்தான். "வாற மாசம் கடதாசி புதுப்பிக்க வெளிநாட்டவர் கந்தோரில டெர்மின் கிடக்கு. உதுக்குள்ள நீர் ஏன் ஊர்ப் பிரச்சினையில போய் நிண்டு கதைக்கிறீர்? பேப்பரில படம் வந்தா?"

"களவெடுத்ததையோ சொல்லப் போறன்? கண்டதைத்தானே."

"ஜெர்மனில சொல்லோணும்."

"அதுதான் எனக்கும் பயமாக் கிடக்கு," என்றாள் டொறத்தி. லோறன்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அகராதியை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேருமாக ஒரு தாளில் பதினொரு வரி எழுதினார்கள்.

மே மாதம் ஒரு பாடசாலை மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பின்னேரம் ஐந்து மணி. இருநூறு பேருக்குக் குறையாது. கடைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள், நடுவில் ஞானசுந்தரம் அண்ணை. டாக்டர் எண்களைச் சொன்னார். யாரோ பின்னாலிருந்து கூச்சல் போட்டார்கள். பீட்டர்ஸன் பேசினார், கூச்சல் கூடியது. பிறகு டொறத்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். கையிலிருந்த தாள் வியர்வையில் நனைந்து எழுத்து ஊறியிருந்தது. முதல் வரியைத் தவிர ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. ஆகவே தாளை மடித்து வைத்துவிட்டு, தெரிந்த சொற்களால் சொன்னாள்.

"நான் கழிப்பறை கழுவுகிறேன். அங்கே மூன்று பேர் இறந்ததைக் கண்டேன். அவர்களுடைய பெயர் தெரியாது. சப்பாத்துத் தெரியும். முதலாவது, வெள்ளைச் சப்பாத்து, புதுசு. இரண்டாவது, பெண்பிள்ளையின் சப்பாத்து, சின்னது. மூன்றாவது, மண்ணிறம், நாடா அறுந்தது. நான் தட்டினேன். பிந்திவிட்டது. நாலாவது பிள்ளைக்கு நான் காற்று ஊதினேன். அவள் உயிரோடு இருக்கிறாள். ஆனால் எனக்கு அந்த வேலை தெரியாது. எனக்குத் தரை கழுவத்தான் தெரியும். தெரிந்த ஆளை வையுங்கள். தயவுசெய்து."

இலக்கணம் எத்தனை இடத்தில் பிழைத்ததென்று அவளுக்கே தெரியும். ஆனால் கூச்சல் போட்டவர் இப்போது போடவில்லை.

அடுத்ததாக ஞானசுந்தரம் அண்ணை எழுந்தார். அவர் நல்ல ஜெர்மனில் தன் மகளைப் பற்றிச் சொன்னார், பின்வளவு ஊசியைப் பற்றிச் சொன்னார். பிறகு கொஞ்சம் தடுமாறி, "அறை திறந்தால் எங்கள் வளவை யார் பார்ப்பது? அதை எழுதித் தருவீர்களா?" என்று நகரசபை அதிகாரியைக் கேட்டார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதிகாரி, அறைப் பணியாளர்கள் தினமும் காலையில் அயல் தெருக்களில் ஊசி பொறுக்குவார்கள், அதையும் நிபந்தனையில் சேர்க்கிறோம் என்றார்.

திரும்பும்போது டொறத்தியையும் கூட்டத்துக்கு வந்திருந்த லோறன்ஸையும் அண்ணையே தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அவர்கள் வீடு இருந்த லிண்டன் பக்கம் திரும்பும்போது அவர் கேட்டார், "அந்த ரெண்டாவது பிள்ளைக்கு என்ன வயசிருக்கும்?"

"பத்தொன்பது, இருபது இருக்குமண்ணை."

"ம்," என்றார்.

மூன்று வாரம் கழித்து நகரசபை வாக்கெடுத்தது. லோறன்ஸ் பத்திரிகையை மேசையில் விரித்து, அகராதியும் கையுமாக வாசித்துச் சொன்னான். ஒரு வருடத்துக்கு அனுமதி. எந்நேரமும் பயிற்சி பெற்ற தாதி இருக்கவேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை. உள்ளே விற்கக்கூடாது, மற்றவருக்கு ஊசி போட்டுவிடவும் கூடாது. அயலவர் குழு ஒன்று மாதாமாதம் கூடிக் குறை கேட்கவேண்டும். பிழைத்தால் அனுமதி இரத்து.

"படம் வரேல்லை," என்றான் கடைசியில், பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு.

டெர்மினுக்குப் போன நாளில் வெளிநாட்டவர் அலுவலகப் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. முத்திரையைக் குத்தினாள், இன்னும் ஆறு மாதம். வெளியே வந்து படிக்கட்டில் நின்று லோறன்ஸ் நீளமாக மூச்சை விட்டான். டொறத்தி அவனுடைய முதுகைத் தட்டினாள்.

டிசெம்பரில் அறை திறந்தது. முதல் வாரம் டொறத்திக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டேதான் இருந்தாள். இரண்டாவது வாரம், தட்டின கதவுக்குப் பின்னாலிருந்து வந்த திட்டுகள் வேறு மாதிரி இருந்தன. பயணப்பெட்டியோடு வந்த வியாபாரிகள், வயிற்றுக் குத்துக்காரர், கர்ப்பிணி ஒருத்தி. கிறிஸ்மஸ் முடிந்தபோது சுவரில் இரத்தம் இல்லை. பெப்ரவரியில், கார் வைக்க வந்தவர்கள் முறைப்பாடு செய்ததால், நீல விளக்கைக் கழற்றி மறுபடி வெள்ளையைப் போட்டார்கள். அன்று பேரென்ஸ் கிழவர் கீழே வந்து, "வாருங்கள், கோப்பி குடிப்போம்," என்றார். டொறத்தி மேலே போனாள். இருபது நிமிடம் இருந்தாள்.

ஏப்ரலில் பீட்டர்ஸன் அவளை அறையைப் பார்க்கக் கூப்பிட்டார். வேலை முடிந்த கையோடு போனாள். முன்பக்கம் ஒரு சின்னத் தேநீர்க் கூடம். உள்ளே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் எவர்சில்வர் மேசையும் ஆறு கதிரையும். ஒரு மூலையில் ஒட்சிசன் சிலிண்டர். மாதாசொரூபமோ பூவோ ஒன்றும் இல்லை. பல்வைத்தியரின் அறையைப் போல இருந்தது. ஆனால் வெளிச்சம் நல்ல வெளிச்சம்.

கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருத்தியைக் காட்டி பீட்டர்ஸன், "இது ஸில்கே. உங்களுக்குத் தெரியும்," என்றார். போன வருட மார்ச் மாதத்துப் பிள்ளை. மெலிந்துதான் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆனால் தலை சீவியிருந்தாள்.

"நீங்களா?" என்றாள் ஸில்கே. "என் விலா எலும்பு ஒன்றை உடைத்தது நீங்களா? ஆறு வாரம் சிரிக்க முடியவில்லை."

டொறத்தி பயந்துபோய், "மன்னிக்கோணும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

ஸில்கே சிரித்தாள். "பரவாயில்லை. இப்போது சிரிக்கலாம்." பிறகு தன் தேநீரில் பாதியை இன்னொரு குவளையில் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். தூளை இன்னும் விடவில்லை என்றும், அதற்குப் பதில் மருந்து தருகிற டாக்டரிடம் பெயர் பதிந்திருப்பதாகவும், இடம் கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்றும் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள்.

அப்போதுதான் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள் மெல்லச் சரிந்தான். டொறத்தி குவளையை வைத்துவிட்டு எழும்பிவிட்டாள். ஆனால் உள்ளே இருந்த தாதி அவசரப்படவே இல்லை. அவனைத் தரையில் கிடத்தி, நாடியை உயர்த்தி, முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அமுக்கினார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "யூர்கன், மூச்சு விடு. யூர்கன்." இன்னொருவர் தொலைபேசியில் பேசினார். டொறத்தி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். மூன்று நிமிடம் இருக்கலாம். அந்த ஆள் இருமினான். கண்ணைத் திறந்து, தன் தொப்பி எங்கே என்று சண்டை பிடித்தான்.

அவனுடைய பெயர் யூர்கன். டொறத்திக்கு அது தெரிந்துவிட்டது. அவள் கதிரையில் உட்கார்ந்து அழுதாள். பீட்டர்ஸன் தோளில் கை வைத்தபோது, "இல்லை, இல்லை. நல்லது, இது நல்லது," என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

வெளியே வந்தபோது ஞானசுந்தரம் அண்ணை கடை வாசலில் நின்றார். அவர் இப்போது அயலவர் குழுவில் உறுப்பினர். மாதாமாதம் தவறாமல் போய்க் குறை சொல்வார் என்று பீட்டர்ஸன் சொல்லியிருந்தார்.

"என்னண்ணை, ஊசி கிடக்குதோ இப்ப?"

"ஊசி ஒண்டும் இல்லை," என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றமானவரைப் போல. "சைக்கிளுகளைக் கொண்டுவந்து என்ர வாசலில சாத்திவிட்டுப் போறாங்கள். போன கூட்டத்தில எழுதிக் குடுத்திட்டன். கொஞ்சம் நில்லும், பாரை மீன் வந்திருக்கு, கொண்டுபோம்."

மீன் பையோடு பத்தாம் இலக்க ட்ராமில் ஏறினாள். யன்னலோர இருக்கை கிடைத்தது. வெயில் முகத்தில் பட்டது. வீட்டுக்கு லிமர் வீதியில் இறங்கவேண்டும் என்பது வரைக்கும்தான் நினைவு. பிறகு யாரோ தோளைத் தொட்டார்கள். ட்ராம் ஓட்டுநர்.

"அஹ்லெம். கடைசித் தரிப்பிடம்," என்றார்.

ட்ராமில் வேறு ஒருவரும் இல்லை. இறங்கி, அங்கிருந்த தொலைபேசிக் கூண்டில் வீட்டுக்கு எடுத்தாள்.

"எங்க நிக்கிறீர்? நாலரையாகுது," என்றான் லோறன்ஸ்.

"அஹ்லெமில. நித்திரை கொண்டிட்டனப்பா."

"நீரோ? ட்ராமிலயோ?"

"ஓம்."

"அவசரமில்லை, ஆறுதலா வாரும்," என்றான். "உலையை நான் வைக்கிறன்."